ஜெய்ப்பூர் கால்: கொடை ஒரு கருவியை வளர்த்தெடுத்த விதம்

1968-இல் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் ஒரு செயற்கைப் பாதம் உருவாயிற்று. வெறுங்காலோடு நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், தரையில் சம்மணமிட்டு உட்காரலாம் என்ற அளவுக்கு அது அன்றே தேறிவிட்டது. ஆனாலும் அடுத்த ஏழு ஆண்டுகளில் அந்தப் பாதத்தைப் பெற்றவர்கள் அறுபது பேரைத் தாண்டவில்லை. 1975-இல் தொடங்கப்பட்ட ஓர் அறநிறுவனம் அதைக் கையில் எடுத்தது. அந்நிறுவனத்திடம் செயற்கைக் கால், கேலிப்பர் (வலுவிழந்த காலைத் தாங்கும் சட்டம்), ஊன்றுகோல், மூன்று சக்கர வண்டி என ஏதேனும் ஓர் உதவியைப் பெற்றவர்களின் தொகை இன்று 20 இலட்சத்துக்கு மேல் என்று அதன் சொந்தக் கணக்கு கூறுகிறது.

அறுபதுக்கும் 20 இலட்சத்துக்கும் இடையில் நடந்தவற்றைப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். நன்கொடை என்றால் ஏற்கெனவே கடையில் இருக்கும் ஒரு பொருளை ஏழை நோயாளிக்கு வாங்கித் தரும் பணம் என்றுதான் நாம் பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறோம். ஜெய்ப்பூரில் நடந்தது அதைவிட ஆழமானது. கொடுத்தவர்கள் எந்த நிபந்தனையோடு கொடுத்தார்களோ, அந்த நிபந்தனை காலின் மூலப்பொருளை மாற்றியது, அதைச் செய்யும் முறையை மாற்றியது, பிறகு பொறியாளர்களையும் அந்தப் பட்டறையின் வாசலுக்கு வரவழைத்தது. சில குறைகளுக்கும் அதே நிபந்தனைதான் காரணமாக இருந்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காலணிக்காகச் செய்யப்பட்ட பாதம்

அந்நாளில் உலகெங்கும் பெருவழக்கில் இருந்தது, 1950-களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வடிவமைக்கப்பட்ட 'சாக்' வகைப் பாதம். உள்ளே அசையாத ஒரு மரக்கட்டை, குதிகாலில் மெத்தென்ற ரப்பர் ஆப்பு, கணுக்கால் மூட்டு என்று எதுவும் கிடையாது. இவ்வளவே அதன் அமைப்பு. காலணிக்குள் நுழைத்துக்கொண்டு, சமதளத்தில் நடந்து, நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கிறவருக்கு அது நல்ல கருவியாகவே இருந்தது. ராஜஸ்தானத்து உழவருக்கோ அதனால் பயன் மிகக் குறைவு. அவர் வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் செருப்பில்லாமல் போகிறவர். தரையில் அமர்ந்து உண்பவர். குத்தவைத்துக் காலைக்கடன் கழிப்பவர். ஈர மண்ணில் நின்று பாத்தி கட்டுபவர். இப்படிப்பட்டவர்களில் பலர், மருத்துவமனை கொடுத்த செயற்கைக் காலை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு மறுபடியும் கட்டையை ஊன்றிக்கொண்டு நடப்பதை முடநீக்கியல் மருத்துவர் பிரமோத் கரண் சேத்தி கவனித்தார்.

அவர்கள் அந்தக் காலை ஒதுக்கியதற்குத் திட்டமான இயக்கவியல் காரணம் இருந்தது. குத்தவைக்கும்போது பாதம் முழந்தாளை நோக்கி மேலே மடங்க வேண்டும். சம்மணமிடும்போது முன்பாதம் உள்நோக்கித் திரும்ப வேண்டும். வரப்பிலோ கல் கிடக்கும் பாதையிலோ நடக்கையில் பாதம் இரு பக்கமும் சற்றே சாய்ந்து கொடுக்க வேண்டும். இந்த மூன்று அசைவுகளில் எதையும் அந்த மரக்கட்டை அனுமதிக்கவில்லை.

விடை கண்டவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். முறையான பள்ளிக்கல்வி அதிகம் பெறாத அவர், நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க மருத்துவமனைக்கு வந்தவர். தேய்ந்த டயருக்கு மறுபடியும் ரப்பர் ஏற்றும் கடையில் அச்சுக்குள் ரப்பர் வெந்து கெட்டிப்படும் முறையைப் பார்த்து, அதையே பாதத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். சேத்தியும் அவருடைய சக மருத்துவர்களான உதாவத், காஸ்லிவால் ஆகியோரும் உடற்கூற்று அறிவைத் தர, சர்மா பொருளறிவைத் தர, பாதம் பிறந்தது. குதிகாலிலும் முன்பாதத்திலும் நுண்துளை ரப்பர் கட்டிகள். கணுக்கால் இடத்தில் போல்ட் பொருத்திய மரக்கட்டை. இவற்றைச் சுற்றி டயர் நூலிழையும் ரப்பர் தகடுகளும். எல்லாவற்றையும் அச்சில் வைத்துச் சூட்டில் ஒன்றாக வேகவைத்தால், விரல்களோடும் தோல் நிறத்தோடும் ஒரு பாதம் வெளியே வரும். அதற்குள் மூட்டு எதுவும் இல்லை. மெத்தென்ற ரப்பர் கட்டிகள் அழுந்தி விரிவதால்தான் மூன்று திசை அசைவும் கிடைக்கிறது. 1978-இல் இந்நால்வரும் சேர்ந்து பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். காப்புரிமை பெறவில்லை.

ஏழு ஆண்டுத் தேக்கம்

நல்ல கருவி ஒன்று இருந்தும் அது ஏன் பரவவில்லை என்பது இந்த நிகழ்வின் மையக் கேள்வி. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுகிறவர்கள் கண்டுபிடித்த நாளோடு கதையை முடித்துக்கொள்வது வழக்கம்; மறுவாழ்வுத் துறையிலோ உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

செயற்கைக் கால் மாத்திரையைப் போன்றதன்று. ஒவ்வொருவருடைய எஞ்சிய காலுக்கும் தனித்தனியே அளவெடுத்து, அச்செடுத்து, போட்டுப் பார்த்து, நடக்கவிட்டு, திருத்திக் கொடுக்க வேண்டிய பொருள் அது. அதைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் தொலைவான ஊரில் இருப்பவர், கூலிக்கு உழைப்பவர், காலை இழந்ததால் அந்தக் கூலியையும் இழந்தவர். ஒருமுறை அளவுக்கு, மறுமுறை பொருத்திப் பார்க்க, மூன்றாம் முறை திருத்த என்று அவரை அலையவிட்டால், காலின் விலை சுழியமாகவே இருந்தாலும் பேருந்துக் கட்டணமும் தங்கும் செலவும் துணைக்கு வருகிறவரின் கூலியிழப்பும் அவரைத் தடுத்துவிடும். மருத்துவமனையின் வேலை அறுவை சிகிச்சையோடு முடிந்தது. அதற்குப் பிந்திய செலவு யாருடைய கணக்கிலும் இல்லை. சந்தையும் இதைத் தீர்த்திருக்காது. வாங்கும் சக்தி இல்லாதவர்களுக்காக எந்த நிறுவனமும் பட்டறை திறப்பதில்லை.

தேவேந்திர ராஜ் மேத்தா ராஜஸ்தானில் பணியாற்றிய இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. பின்னாளில் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் தலைவராகவும் இருந்தவர். 1969-இல் நேர்ந்த ஒரு சாலை விபத்தில் அவருடைய கால் எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியது. காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலை வந்தது. அதே சவாய் மான்சிங் மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்து, கால் தப்பி எழுந்தார். தமக்குக் கிடைத்த கவனிப்பு பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் ஏழைக்குக் கிடைக்குமா என்ற கேள்வி அவரை விடவில்லை. மகாவீரரின் 2,500-ஆம் நிர்வாண ஆண்டு கொண்டாடப்பட்ட வேளையில், 1975-இல், தொடக்கத்தில் சொன்ன அறநிறுவனமான பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதியை அவர் தொடங்கினார். சமண சமூகத்தின் கொடைமரபு அதற்கு முதல் ஊற்றாக இருந்தது. உதவிக் கருவிகளுக்கு நடுவண் அரசு 1981-இல் கொண்டுவந்த 'அடிப்' திட்டத்தின் மானியமும் பிறகு சேர்ந்துகொண்டது.

கொடையாளர்களின் பணத்தோடு வந்த விதிகள்தான் நம் கவனத்துக்கு உரியவை. எந்த நேரத்தில் வந்தாலும் நோயாளியை உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்பதிவு தேவையில்லை. கால் இலவசம், நோயாளிக்கும் துணைக்கு வந்தவருக்கும் உணவும் தங்குமிடமும் இலவசம். கூடுமானவரை வந்த அன்றே, இல்லையேல் சில நாட்களுக்குள், அவர் தம் காலில் நடந்து ஊர் திரும்ப வேண்டும். சாதியோ மதமோ மாநிலமோ கேட்கப்படுவதில்லை.

'அன்றே' என்ற சொல் செய்த வேலை

இவ்விதிகளைக் கருணையின் வெளிப்பாடு என்று மட்டும் படித்தால் பாதி உண்மை கை நழுவிவிடும். ஒரு பொறியாளரின் கண்ணோடு படித்தால் இவை வடிவமைப்பு நிபந்தனைகள். ஒரு மனிதர் குடும்பத்தோடு கூடத்தில் காத்திருக்கிறார், அவருக்கு ஆகும் ஒவ்வொரு வேளைச் சோறும் அறநிறுவனத்தின் செலவு என்ற நிலையில், மூன்று நாள் பிடிக்கும் செய்முறையை மூன்று மணி நேரமாகச் சுருக்க வேண்டும் என்ற நெருக்கடி பட்டறைக்கு வந்துவிடுகிறது.

தொடக்க காலக் கால்களில் பாதத்துக்கு மேலுள்ள கூடு அலுமினியத் தகட்டால் ஆனது. பாத்திரம் அடிக்கிறவரைப் போல ஒரு கைவினைஞர் அமர்ந்து தட்டித் தட்டி அதை வடிவாக்க வேண்டும். கை நேர்த்தி மிக்கவர் செய்தால் அருமையாக அமையும். ஆனால் நேரம் பிடிக்கும், அடிபட்டால் நசுங்கும். அந்த இடத்தில் பின்னர் வந்தது, தண்ணீர் கொண்டுபோகப் பயன்படும் உயரடர்த்தி பாலிஎத்திலீன் குழாய். எந்த நகரத்திலும் கிடைக்கும் குழாய்தான் அது.

செய்முறை இது: எஞ்சிய காலின் மேல் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்செடுக்கிறார்கள். அந்த அச்சுக்குள் சாந்தை ஊற்றி, நோயாளியின் காலைப் போன்றே ஒரு படிவத்தை உண்டாக்குகிறார்கள். எலும்பு துருத்தும் இடங்களில் அழுத்தம் விழாதபடியும், தசை தாங்கக்கூடிய இடங்களில் பளு இறங்கும்படியும் அந்தப் படிவத்தை அரத்தால் சீவித் திருத்துகிறார்கள். குழாயை அடுப்பில் இளக்கி, சூட்டோடு படிவத்தின் மேல் இழுத்து ஏற்றுகிறார்கள். ஆறியதும் வெட்டி, கீழே ரப்பர் பாதத்தை முடுக்கி, நோயாளியை நடக்கவிட்டுச் சாய்வைச் சரிசெய்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவருக்கு இவ்வளவும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்தச் சங்கிலியில் நிபுணத்துவம் குவிந்திருப்பது அரம் பிடித்த கையிலும் சாய்வு பார்க்கும் கண்ணிலும்தான். விலையுயர்ந்த இயந்திரம் எங்கும் இல்லை. முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட ஒரு கால் ஏறத்தாழ 45 டாலர் செலவில் முடிந்ததற்கும், அமெரிக்காவில் அதுவே பல ஆயிரம் டாலர் ஆனதற்கும் உள்ள இடைவெளியில், கூலி வேறுபாட்டோடு இந்த எளிமைக்கும் பெரும் பங்கு உண்டு.

தோற்றுப்போகும் முயற்சிகளுக்கும் கொடைப்பணம் இடம் தந்தது. ரப்பர் பாதம் உழைப்புக்கு உகந்தது என்றாலும் கனமானது. நாள் முழுவதும் அதைத் தூக்கி வைத்து நடக்கிறவருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. 2000-களின் தொடக்கத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பாலியூரித்தேன் என்னும் நெகிழிவகைக்கான தன் தொழில்நுட்பத்தைச் சமிதிக்கு வழங்கி, எடை குறைந்த பாதம் ஒன்றைச் செய்து பார்க்க வழிசெய்தது. விற்பனைக் கணக்கை மட்டும் நம்பியிருக்கும் பட்டறையால் இத்தகைய சோதனைகளுக்கு நேரமும் பொருளும் ஒதுக்கியிருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

தமிழ் வாசகர் பலருக்கு ஜெய்ப்பூர் கால் என்ற பெயர் நடனக் கலைஞர் சுதா சந்திரன் வழியாக அறிமுகமாகியிருக்கும். 1981-இல் திருச்சிக்கு அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பின் வலக்காலை இழந்த அவர், ஜெய்ப்பூர்ப் பாதம் பொருத்திக்கொண்டு 1984-இல் மறுபடியும் மேடை ஏறினார். பரதநாட்டியத்தில் அரைமண்டியில் நின்று தட்டுவதைவிடக் கடுமையான சோதனை ஒரு செயற்கைப் பாதத்துக்கு வேறு இருக்க முடியாது.

இன்னொரு தமிழ்த் தொடர்பு இதைவிடத் துயரமானது. இலங்கையில் போரும் கண்ணிவெடிகளும் ஆயிரக்கணக்கானோரின் கால்களைப் பறித்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் 1987-இல் தொடங்கப்பட்ட புனர்வாழ்வு நிறுவனம் 'ஜெய்ப்பூர்' என்ற பெயரையே தாங்கி நின்றது. காப்புரிமை இல்லை என்பதால்தான் ஓர் ஊரின் கொடையில் முதிர்ந்த செய்முறை கடல் கடந்து, முற்றுகைக்குள் இருந்த மற்றோர் ஊருக்குத் தடையின்றிப் போக முடிந்தது.

முழங்கால் என்னும் கடினமான பகுதி

முழங்காலுக்கு மேலே கால் இழந்தவரின் நிலை முற்றிலும் வேறு. அவருக்குப் பாதம் மட்டும் போதாது. பளு தாங்கும்போது மடங்காமலும், அடியெடுத்து வைக்கும்போது மடங்கியும் ஒத்துழைக்கும் ஒரு மூட்டு வேண்டும். மலிவான செயற்கைக் கால்களில் இருந்தது ஒற்றை அச்சு மூட்டு, அதாவது கதவின் கீல். அதைப் பூட்டி வைத்தால் காலை விறைப்பாக வீசி வீசி நடக்க வேண்டும். பூட்டைத் திறந்தால் மேடுபள்ளத்தில் திடீரென மடங்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். விழுந்தெழும் அச்சத்திலேயே பலர் காலைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

வளர்ந்த நாடுகளில் இதற்குப் பல அச்சு மூட்டு உண்டு. நான்கு அச்சுகளில் இணைந்த சட்டங்கள் சேர்ந்து இயங்குவதால், அதன் சுழல் மையம் ஓரிடத்தில் நிற்காமல் இடம் மாறும். கால் நீண்டிருக்கும்போது அம்மையம் மேலேயும் பின்னேயும் போய்விடுவதால், உடலின் பளு மூட்டை மேலும் இறுக்கும். மடங்கத் தொடங்கியதும் மையம் முன்னே வந்து மூட்டை விடுவிக்கும். மடங்கும்போது காலின் நீளமும் சற்றுக் குறைவதால் பெருவிரல் தரையில் இடறாது. இவ்வளவு நன்மைகளும் உள்ள மூட்டின் விலையோ ஆயிரக்கணக்கான டாலர்.

2008-ஐ ஒட்டி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று வகுப்புப் பாடத்தின் பகுதியாக இந்தச் சிக்கலைச் சமிதியோடு சேர்ந்து எடுத்துக்கொண்டது. எண்ணெய் ஊறிய நைலானால் செய்த ஒரு சில துண்டுகளும் நான்கு போல்ட்டுகளும் சேர்ந்த மூட்டை அவர்கள் வடிவமைத்தார்கள். நைலானிலேயே எண்ணெய் இருப்பதால் தனியே மசகு இட வேண்டியதில்லை. ஏறத்தாழ 20 டாலரில் செய்யலாம். 'டைம்' இதழ் 2009-ஆம் ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. பின்பு டி-ரெவ் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு, கொடைப்பணத்தின் துணையோடு அதை மேலும் செப்பனிட்டு 'ரீமோஷன்' என்ற பெயரில் கொண்டுவந்தது.

அந்த மாணவர்கள் ஏன் ஜெய்ப்பூரைத் தேடி வந்தார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அறிவாற்றல் கலிபோர்னியாவிலேயே நிறைய இருந்தது. அங்கே இல்லாதது, முழங்காலுக்கு மேல் கால் இழந்து, இலவசக் கால் பெற வந்து, புதிய மூட்டைப் போட்டு நடந்து பார்த்து, "இங்கே இடறுகிறது" என்று உடனே சொல்லக்கூடிய நூற்றுக்கணக்கான மனிதர்கள் ஒரே கூடத்தில் இருப்பது. அந்தக் கூடத்தை உண்டாக்கியது பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த நன்கொடை. நன்கொடையின் மிகப் பெரிய தொழில்நுட்பப் பயன் இதுவே என்பது என் முடிவு. இவ்வாய்ப்புக்கு ஒரு கடமையும் உண்டு: இலவசமாகப் பெறுகிறவர் என்பதால் அவர் சோதனைப் பொருளாகிவிடக் கூடாது, பழைய மூட்டே போதும் என்று மறுக்கும் உரிமை அவருக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

இந்த வழியின் தொடர்ச்சியைச் சென்னையிலும் காணலாம். சென்னை ஐஐடியின் டிடிகே மறுவாழ்வு ஆய்வு மையம், பெங்களூருவின் மொபிலிட்டி இந்தியா முதலிய அமைப்புகளோடு சேர்ந்து 2022-இல் 'கதம்' என்ற பல அச்சு முழங்கால் மூட்டை வெளியிட்டது. மையத்தின் பெயரிலேயே அதற்குக் கொடை தந்த தொழிற்குழுமத்தின் பெயர் நிற்கிறது. மூட்டு மிகுதியாக மடங்க வேண்டும், அப்போதுதான் நெருக்கமான பேருந்து இருக்கையில் உட்கார முடியும் என்பது அதன் வடிவமைப்பில் கவனிக்கப்பட்ட ஒன்று. நம் ஊர்ப் பேருந்தில் ஏறியவர்களுக்கே தோன்றும் தேவை அது.

எண்ணிக்கை மறைப்பது

இத்தனை நன்மைக்கும் நடுவே ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓர் அறநிறுவனம் கொடையாளருக்குக் காட்டும் கணக்கு, இவ்வாண்டு இத்தனை கால்கள் என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கால்களில் எத்தனை ஓராண்டுக்குப் பின்னும் பயன்பாட்டில் உள்ளன என்பதைக் கணக்கிட, கிராமம் கிராமமாகப் போக வேண்டும்; அதற்குப் பணம் தருகிறவர் அரிது. குழாய்க் கூட்டோடு கூடிய ஜெய்ப்பூர்க் கால்களைப் பல நாடுகளில் பின்தொடர்ந்து, 2004-இல் ஆய்விதழில் வெளியான கள ஆய்வுகள், பொருத்தத்திலும் சாய்வுச் சீரமைப்பிலும் குறைகளைச் சுட்டிக்காட்டின. முழங்காலுக்கு மேலான கால்களில் அக்குறைகள் கூடுதலாகத் தெரிந்தன. வேகம் தந்த பரிசுக்கும் வேகம் தந்த குறைக்கும் ஊற்று ஒன்றே. சில மணி நேரத்தில் முடிக்கப்படும் கால், அரம் பிடித்தவருக்குப் போதிய பயிற்சி இல்லாத இடத்தில், தோலைப் புண்ணாக்கும் காலாகிவிடலாம். குறிப்பாக வெளியூர்களில் நடத்தப்படும் கால் பொருத்தும் முகாம்களில், கால் கொடுத்தவர்கள் ஊர் திரும்பிய பின்பு புண் வந்தால் நோயாளி யாரிடம் போவார் என்ற கேள்வி எழுகிறது.

இதை நான் குற்றச்சாட்டாக முன்வைக்கவில்லை. அன்றே கால் தர வேண்டும் என்ற விதி பட்டறையை எப்படி மாற்றியதோ, அதே போல 'ஆறு மாதம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும்' என்ற விதியோடு பணம் வந்தால் பட்டறை அதற்கும் ஏற்ப மாறும். பயிற்சி பெற்ற கால் பொருத்துநரின் சம்பளம், மறுபரிசோதனைக்கு வருகிறவரின் பேருந்துக் கட்டணம், குழந்தைகளின் கால் வளர வளர மாற்ற வேண்டிய கூடுகள் ஆகியவை நிழற்படத்துக்கு ஏற்றவை அல்ல. மாலை போட்டுத் தொடங்கி வைக்க இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் ஒரு கால் கூடத்தின் மூலையில் சாய்ந்து கிடப்பதும் அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் வயலுக்குப் போவதும் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

வெறுங்காலோடு வயலில் உழைக்கிறவரின் ரப்பர் பாதம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தாங்கும். முதலில் விரல்களின் அடியில் ரப்பர் பிளக்கும். பிளவு வழியே ஈரம் புகும். கணுக்கால் கட்டையில் போல்ட் தளரும். அந்த நிலையில் மறுபடியும் ஜெய்ப்பூருக்கு வருகிறவருக்கு, முதல்முறை வந்தவருக்குப் போலவே, சோறும் படுக்கையும் புதுக் காலும் கட்டணமின்றிக் கொடுக்கப்படுகின்றன.